குதிரைக்கும் எலிக்கும் ஆகாதா? சீன ஜாதகத்தில் குதிரை வருடக்காரர்களின் குணமும் பொருத்தமும்

கேள்வி இது: "நான் 1990 ஜனவரி 31 அன்று பிறந்தவள். இணையத்தில் பார்த்தால் சீன ராசிப்படி குதிரை என்று வருகிறது. பினாங்கில் என்னோடு வேலை பார்க்கும் சீன நண்பரைத் திருமணம் செய்துகொள்ள இருக்கிறேன். அவர் 1984 அக்டோபரில் பிறந்தவர், எலி. குதிரையும் எலியும் சேரவே கூடாது என்று அவருடைய பாட்டி பிடிவாதமாக இருக்கிறார். குதிரைக்காரர்களின் குணம் என்ன, யாரோடு ஒத்துப்போகும், இந்த எலி விஷயம் எவ்வளவு பெரிய தடை?"

முதலில் உங்கள் பிறந்த தேதியைப் பார்த்துவிடலாம். 1990-இல் சீனப் புத்தாண்டு ஜனவரி 27 அன்று வந்தது. 26-ஆம் தேதி வரை பிறந்த குழந்தைகள் பாம்பு, 27 முதல் குதிரை. நீங்கள் 31, அதாவது புத்தாண்டின் ஐந்தாம் நாள். சீனாவின் பல பகுதிகளில் அது செல்வக் கடவுளை வீட்டுக்கு வரவேற்கும் நாள். பாட்டியிடம் பேச்சோடு பேச்சாக இதைச் சொல்லிவையுங்கள், நல்ல தொடக்கமாக இருக்கும். ஊர் வழக்கப்படி நீங்கள் குதிரைதான்.

ஆனால் ஜாதகம் கணிப்பதையே தொழிலாக வைத்திருக்கும் சீன ஜோதிடர்களில் பெரும்பாலோர் புத்தாண்டை எல்லையாகக் கொள்வதில்லை. அவர்களுக்கு வருடம் மாறுவது லீ சுன் எனப்படும் வசந்தத் தொடக்கத்தில். சூரியன் 315 பாகையைத் தொடும் நேரம் அது, வருடா வருடம் பிப்ரவரி 4-ஐ ஒட்டி வரும். புத்தாண்டு நிலவை வைத்து வருவது, லீ சுன் சூரியனை வைத்து வருவது. யுகாதி ஒரு நாளிலும் சித்திரை ஒன்று இன்னொரு நாளிலும் வருவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதில்லை. அந்தக் கணக்கில் நீங்கள் லீ சுன்னுக்கு நான்கு நாள் முன்னதாகப் பிறந்துவிட்டீர்கள். ஆக, குதிரை இல்லை, பாம்பு. இந்த ஒரு வாரத்துக்குள் பிறந்தவர்களுக்குப் பாட்டி சொல்வது ஒன்று, ஜோதிடர் சொல்வது வேறொன்று. இதை வைத்து என்ன செய்யலாம் என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

இதைப் படிக்கும் மற்றவர்களும் சரிபார்த்துக்கொள்ளட்டும் என்பதற்காகக் குதிரை வருடங்களின் எல்லைகள்: 1942 பிப்ரவரி 15 முதல் 1943 பிப்ரவரி 4 வரை, 1954 பிப்ரவரி 3 முதல் 1955 ஜனவரி 23 வரை, 1966 ஜனவரி 21 முதல் 1967 பிப்ரவரி 8 வரை, 1978 பிப்ரவரி 7 முதல் 1979 ஜனவரி 27 வரை, 1990 ஜனவரி 27 முதல் 1991 பிப்ரவரி 14 வரை, 2002 பிப்ரவரி 12 முதல் 2003 ஜனவரி 31 வரை, 2014 ஜனவரி 31 முதல் 2015 பிப்ரவரி 18 வரை, 2026 பிப்ரவரி 17 முதல் 2027 பிப்ரவரி 5 வரை. முதலில் உள்ள 1942 பிப்ரவரி 15, சிங்கப்பூர் ஜப்பானியரிடம் சரணடைந்த நாள். அங்குள்ள சீனக் குடும்பங்களுக்கு அந்தக் குதிரை வருடம் பிறந்ததே அப்படித்தான்.

இனி குணம். இணையப் பக்கங்கள் எல்லாம் குதிரை என்ற மிருகத்தைப் பார்த்துவிட்டு, வேகமாக ஓடும், கட்டிப்போட முடியாது, ஆகவே நீங்களும் அப்படித்தான் என்று எழுதிவிடுகின்றன. உண்மையில் வரிசை தலைகீழ். முதலில் இருந்தது காலத்தைப் பன்னிரண்டாகப் பிரிக்கும் முறைதான். ஷாங் அரசர்களின் காலத்திலேயே, மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால், எலும்புகளில் கீறிவைத்த குறிகளில், கிளைகள் எனப்படும் பன்னிரண்டு எழுத்துகளையும் தண்டுகள் எனப்படும் பத்து எழுத்துகளையும் சேர்த்து அறுபது நாள் சுற்றாக எண்ணியிருக்கிறார்கள். அந்தக் கிளைகளுக்கு விலங்குகள் வந்து ஒட்டிக்கொண்டது மிகவும் பிந்தி.

அப்படி ஒட்டியபோதும் உடனே உறுதியாகிவிடவில்லை. 1975-இல் ஹுபெய் மாகாணத்தின் ஷுய்ஹுதி என்ற இடத்தில், சின் காலத்துக் கல்லறை ஒன்றிலிருந்து மூங்கில் ஏடுகள் கிடைத்தன. நாள் பார்க்கும் ஏடுகள். அதில் ஒரு பகுதி, எந்த நாளில் திருட்டு நடந்ததோ அந்த நாளின் விலங்கை வைத்துத் திருடன் எப்படி இருப்பான் என்று சொல்கிறது. இப்போது குதிரை இருக்கும் ஏழாவது இடத்தில் அந்தப் பட்டியலில் இருப்பது மான்! குதிரை அதற்கு அடுத்த இடத்தில், இப்போது ஆடு இருக்கும் இடத்தில் நிற்கிறது. பொருத்தம், காதல், திருமணம் எதுவும் அங்கே கிடையாது. திருடனின் கழுத்து நீளமா, கால் எப்படி என்பதுதான் கவலை. நீங்கள் இரண்டாயிரத்து இருநூறு வருடத்துக்கு முன்னால் பிறந்திருந்தால் குதிரையாக இல்லாமல் மானாக இருந்திருக்கலாம் என்று விளையாட்டாகச் சொல்லலாம். விளையாட்டை விட்டுவிட்டுப் பார்த்தால், குணத்துக்கு ஆதாரம் அந்த ஏழாவது இடம்தான், மிருகம் இல்லை என்பது புரியும்.

அந்த ஏழாவது கிளைக்கு வூ என்று பெயர். நாளில் அது பகல் 11 மணி முதல் 1 மணி வரை. ஆண்டில் கோடையின் நடுமாதம், பகல் மிக நீண்டிருக்கும் நாள் அதற்குள்தான் வரும். திசை தெற்கு, பஞ்சபூதக் கணக்கில் நெருப்பு. உச்சிவெயிலை மனித சுபாவமாக மாற்றி எழுதுங்கள், பழைய நூல்கள் சொல்லும் குதிரைக்காரர் கிடைத்துவிடுவார். எதையும் மறைக்கத் தெரியாதவர், நாலு பேர் நடுவில் இருந்தால்தான் பிரகாசிப்பவர், மனதில் பட்டதை உடனே சொல்பவர். கோபம் சட்டென்று வரும், சாப்பாட்டு நேரத்துக்குள் ஆறிவிடும், ஆனால் எதிரில் இருந்தவருக்கு ஆறியிருக்காது. ஆரம்பிப்பதில் சூரர், முடிப்பதில் அவ்வளவு இல்லை. ரகசியம் தங்காது. யாராவது "இப்படித்தான் செய்ய வேண்டும்" என்று சொன்னால், அது தனக்கும் பிடித்த வழியாகவே இருந்தாலும் வேறு வழியைத் தேடுவார்.

ஒரு விஷயத்தை மட்டும் இணையப் பக்கங்கள் விட்டுவிடுகின்றன. சீனர்கள் ஐந்து பூதங்களுக்கும் ஐந்து நற்குணங்களை இணைத்திருக்கிறார்கள். நெருப்புக்கு உரியது மரியாதை, முறை தெரிந்து நடப்பது. அதனால் நல்ல ஜோதிடர் குதிரைக்காரரை வெறும் துள்ளல் பேர்வழியாகப் பார்ப்பதில்லை. விருந்தினரை உபசரிப்பது, சபையில் யாரும் ஒதுக்கப்பட்டதாக உணராமல் பார்த்துக்கொள்வது, கொடுத்த மதிப்பைத் திரும்ப எதிர்பார்ப்பது எல்லாம் சேர்ந்ததுதான் குதிரை. இவர்களைக் காயப்படுத்துவது சண்டை இல்லை, அவமரியாதை.

இன்னொன்று, குதிரைக்காரர்கள் பயணப் பிரியர்கள் என்ற பிரபலமான கூற்று. சீன ஜாதகத்தில் பயணத்துக்கென்றே அஞ்சல் குதிரை என்று ஒரு நட்சத்திரம் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் அது குதிரைக் கிளையில் ஒருபோதும் உட்காராது. புலி, குரங்கு, பாம்பு, பன்றி ஆகிய நான்கு கிளைகளில்தான் வரும். குதிரை வருடத்தில் பிறந்தவருக்கு அது குரங்கில் விழும். அதாவது ஜாதகத்தில் வேறெங்காவது குரங்கு இருந்தால்தான் அவர் ஊர் சுற்றுவார், இல்லையென்றால் வீட்டில் இருந்துகொண்டே பரபரப்பார்.

குதிரையிலும் ஐந்து வகை உண்டு, பத்துத் தண்டுகளில் எது சேர்கிறது என்பதைப் பொறுத்து. தண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு பூதம் உண்டு. 1954, 2014 மரம். 1978 மண். 1990 உலோகம், வெள்ளைக் குதிரை என்பார்கள். 2002 நீர். இவற்றுக்கு ஆளுக்கொரு வரி எழுதலாம், மரக்குதிரை பொறுமைசாலி, உலோகக் குதிரை விட்டுக்கொடுக்காதவர் என்றெல்லாம். அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. பேச வேண்டியது நெருப்புக் குதிரையைப் பற்றி. 1966, இப்போது 2026. நெருப்புக்கு மேல் நெருப்பு.

ஜப்பானில் இந்த வருடத்துக்கு ஹினோஏ-உமா என்று பெயர். அந்த வருடத்தில் பிறக்கும் பெண் கணவனின் ஆயுளைக் குறைப்பாள் என்பது அங்கே வேரோடிய நம்பிக்கை. எடோ நகரில் (இன்றைய டோக்கியோ) 1683-இல் தீ வைத்த குற்றத்துக்காகக் கொல்லப்பட்ட ஓஷிச்சி என்ற காய்கறிக் கடைக்காரர் மகளின் கதை இந்த நம்பிக்கையோடு பின்னிக்கிடக்கிறது. அவள் 1666-இல், நெருப்புக் குதிரை வருடத்தில் பிறந்தவள் என்பார்கள். காதலனை மறுபடி பார்ப்பதற்காகத் தீ வைத்தாளாம். நாடகங்களில் அவள் மறுபடி மறுபடி வந்து நின்றாள், நம்பிக்கையும் கூடவே நின்றுவிட்டது.

அதன் விளைவு புள்ளிவிவரத்திலேயே தெரியும். 1965-இல் ஜப்பானில் சுமார் 18.2 லட்சம் குழந்தைகள் பிறந்தன. 1966-இல் 13.6 லட்சம். ஒரே வருடத்தில் கால்வாசி குறைந்தது. 1967-இல் மறுபடி 19.4 லட்சம். போர் இல்லை, பஞ்சம் இல்லை, தொலைக்காட்சியும் புல்லட் ரயிலும் வந்துவிட்ட நாட்டில் நடந்தது இது. ஒரு பெண்ணின் சராசரிக் குழந்தை எண்ணிக்கை அந்த வருடம் 1.58-க்கு இறங்கியது. அதற்குக் கீழே இனி போகாது என்று எல்லோரும் நினைத்திருக்க, 1989-இல் எந்தக் குதிரையும் இல்லாமலே 1.57 ஆனது. ஜப்பானியர் அதை "1.57 அதிர்ச்சி" என்றே இன்றும் குறிப்பிடுகிறார்கள். 2024-இல் அங்கே பிறந்தவை ஏறத்தாழ 6.86 லட்சம்தான், பயந்து நடுங்கிய 1966-இல் பிறந்ததில் பாதி.

சீனாவில் இந்தப் பயம் பெண்கள் மேல் விழவில்லை, அரசாட்சியின் மேல் விழுந்தது. நெருப்புக் குதிரை வருடமும் அதை அடுத்த நெருப்பு ஆடு வருடமும் நாட்டுக்கு ஆகாதவை என்று தெற்கு சாங் காலத்தில் சாய் வாங் என்பவர் வரலாற்று உதாரணங்களைத் தொகுத்து நூலே எழுதினார். அவர் காலத்தவர்களுக்கு 1126-ஐ மறந்திருக்க முடியாது. அந்த நெருப்புக் குதிரை வருடம் முடிவதற்குள் சாங் தலைநகர் கைஃபெங் ஜுர்ச்சென் படைகளிடம் விழுந்தது. 1966-இல் கலாசாரப் புரட்சி தொடங்கியதையும் இந்தக் கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு. நல்லவேளையாக, நீங்கள் எந்தக் கணக்கிலும் நெருப்புக் குதிரை இல்லை. யாராவது ஜப்பான் கதையை உங்கள் மேல் ஏற்றினால் அதை அங்கேயே நிறுத்திவிடலாம்.

போகிறபோக்கில் ஒன்று. நம் அறுபது வருடச் சுற்றிலும் 1966-67 பராபவ, 2026-27-உம் பராபவ. இரண்டு சுற்றும் தனித்தனியானவை, எண்ணிக்கை அறுபது என்பதால் ஒன்றோடொன்று ஓடிவருகின்றன.

சரி, பொருத்தம். இதற்கு மிருகங்களை மறந்துவிட்டுப் பன்னிரண்டு கிளைகளையும் ஒரு வட்டத்தில் எழுதுங்கள்: எலி, எருது, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி. குதிரையிலிருந்து நான்கு நான்காகத் தாண்டினால் நாயும் புலியும் வரும். இந்த மூன்றும் ஒரு கூட்டணி. புலி வசந்தத்தின் முதல் மாதம், நெருப்பு அங்கே பிறக்கிறது. குதிரையில் உச்சம். நாய் இலையுதிர் காலத்தின் கடைசி மாதம், அங்கே நெருப்பு அடங்கிச் சேமிக்கப்படுகிறது. புலிக்காரர் துணிச்சலைக் கொடுப்பார், நாய்க்காரர் குதிரை பாதியில் விட்டுவந்ததை எடுத்து முடித்துவைப்பார் என்று ஜோதிடர்கள் இதைக் குணமாக மொழிபெயர்ப்பார்கள். நடைமுறையில் நான்கு அல்லது எட்டு வயது வித்தியாசம் என்றால் பாட்டிமார்களுக்கு மகிழ்ச்சி. காரணம் இதுதான்.

ஆடு இன்னொரு நட்பு. அது கூட்டணி இல்லை, இரண்டு பேர் மட்டும் சேரும் ஜோடி. குதிரை சூரியன், ஆடு சந்திரன் என்று பழைய நூல்கள் இதை விளக்குகின்றன. எல்லா ஜோடிகளிலும் இதைத்தான் திருமணத்துக்கு மென்மையானதாகச் சொல்வார்கள். அவசரக்காரருக்கு நிதானக்காரர், வெளியில் பேசுபவருக்கு வீட்டைப் பார்ப்பவர் என்று. எனக்கு இது கொஞ்சம் பழைய காலத்து மாமியார் கற்பனையாகத் தோன்றுகிறது, ஆனால் மரபு அதுதான்.

எலிக்கு வருவோம். வட்டத்தில் குதிரைக்கு நேர் எதிரே எலி. குதிரை உச்சிப்பகல், எலி நள்ளிரவு. குதிரை நடுக்கோடை, எலி நடுக்குளிர்காலம். ஒன்று தெற்கு, மற்றது வடக்கு. ஒன்று நெருப்பு, மற்றது நீர். ஆறு இடம் தள்ளி நிற்கும் எல்லா விலங்குகளுக்கும் இந்த மோதல் உண்டு. புலிக்குக் குரங்கு, முயலுக்குச் சேவல், இப்படி. அதனால்தான் சீனக் குடும்பங்களில் ஆறு வயது வித்தியாசம் என்றாலே முகம் சுளிப்பார்கள். நீங்களும் அவரும் சரியாக அந்த ஆறு வருடத்தில் சிக்கியிருக்கிறீர்கள். பாட்டி கற்பனையாக எதையும் சொல்லவில்லை. அவருடைய மரபில் இது உண்மையிலேயே முதல் தர எதிர்ப்பு.

ஆனால் நாம் கொஞ்சம் தமிழ்நாட்டு ஜோதிடக் கண்ணோடு பார்ப்போம். நமக்கும் பன்னிரண்டு ராசி, அதே வட்டம். ஐந்து, ஒன்பதாம் இடங்கள் திரிகோணம், நல்லவை. அது சீனக் கூட்டணியோடு அப்படியே பொருந்துகிறது. ஏழாம் இடமோ நேர் எதிர். பெண் ராசிக்கு ஆண் ராசி ஏழாவதாக வந்தால் நம் ஊர் ஜோதிடர் "சம சப்தமம், உத்தமப் பொருத்தம்" என்று எழுதிக் கொடுப்பார். களத்திர ஸ்தானமே அதுதானே. ஒரே வட்டம், ஒரே எதிர்நிலை, இரண்டு மரபுகளிலும் நேர்மாறான தீர்ப்பு. சீனர்கள் எதிரில் நிற்பவரை மோதுபவராகப் பார்த்தார்கள், நாம் துணையாகப் பார்த்தோம். உங்கள் வீட்டுப் பக்கத்திலிருந்து இந்த வாதத்தைத் தாராளமாக வைக்கலாம்.

உள்ளூர் எதிர்ப்பும் இருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த வாங் சோங் என்ற அறிஞர், இன்று நாம் அறிந்த பன்னிரண்டு விலங்குகளையும் பதிவு செய்த மிகப் பழைய ஆசிரியர்களில் ஒருவர். அவர் அவற்றைப் பட்டியலிட்டதே கேலி செய்வதற்குத்தான். விலங்குகள் தங்கள் பூதங்களின்படிதான் ஒன்றையொன்று வெல்கின்றன என்று சொன்னவர்களிடம் அவர் கேட்டது இது: குதிரை நெருப்பு, எலி நீர். நீர் நெருப்பை வெல்லும் என்றால் எலி ஏன் குதிரையைத் துரத்துவதில்லை? சேவல் உலோகம், முயல் மரம். சேவல் ஏன் முயலைக் கொத்துவதில்லை? நண்பரின் பாட்டி சொல்லும் ஆட்சேபத்துக்குச் சீன மொழியிலேயே, ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன்னால் எழுதப்பட்ட பதில்.

எலிக்கு அடுத்து மரபு எச்சரிப்பது எருது. வெள்ளைக் குதிரைக்குப் பச்சை எருது ஆகாது என்று தொடங்கும் ஒரு கல்யாணப் பாட்டே இருக்கிறது, தென்கிழக்காசியச் சீன முதியவர்கள் பலருக்கு மனப்பாடம். காரணம் மறைமுகமானது. குதிரையின் ஜோடி ஆடு, ஆட்டுக்கு நேர் எதிரி எருது, ஆகவே என் துணையை இடிப்பவன் எனக்கும் ஆகாதவன் என்ற கணக்கு. நம் யோனிப் பொருத்தத்திலும் குதிரைக்கு எருமைதான் பகை. அசுவினி, சதயம் ஒரு பக்கம், அஸ்தம், சுவாதி மறுபக்கம். வியட்நாமியர் எருதின் இடத்தில் எருமையையே வைத்திருப்பதையும் சேர்த்துப் பார்த்தால் சுவாரசியமாகத்தான் இருக்கிறது, ஆனால் இரண்டு கணக்கும் பிறந்த விதம் வேறு. தற்செயல் என்பதற்கு மேல் இதில் எதையும் ஏற்ற மாட்டேன்.

முயலோடு சிறு உரசல். பாம்பு, டிராகன், குரங்கு, சேவல், பன்றி எல்லாம் நடுத்தரம், மற்ற அம்சங்கள் தீர்மானிக்கும். குதிரையும் குதிரையும் சேர்ந்தால் "தன்னைத் தானே தண்டிப்பது" என்று ஒரு தோஷம் சொல்வார்கள். அதாவது ஒரே வகுப்பில் படித்த முப்பது பேரும் ஒருவரையொருவர் வதைத்திருக்க வேண்டும். எந்த வகுப்பில் அப்படி இல்லை என்று நீங்கள் கேட்கலாம்.

அந்த வகுப்பு உதாரணத்திலேயே இந்த முறையின் பலவீனமும் இருக்கிறது. வருட விலங்கு என்பது ஒரு வயதுக்காரர்கள் எல்லோருக்கும் பொது. அதை வைத்து ஒருவரின் குணத்தைச் சொன்னால் ஒரு பள்ளி ஆண்டு முழுவதற்கும் ஒரே குணம் வர வேண்டும். பிறந்த வருடம் சுபாவத்தைத் தீர்மானிக்கிறது என்று நான் நம்பவில்லை. சீன ஜோதிடர்களுக்கும் இந்தச் சிக்கல் தெரியாமல் இல்லை. அவர்கள் பார்ப்பது நான்கு தூண்கள்: வருடம், மாதம், நாள், நேரம். தூணுக்கு மேலே ஒரு தண்டு, கீழே ஒரு கிளை என இரண்டு எழுத்தாக எட்டு எழுத்துகள், அதனால் பாட்ஸி என்று பெயர். தாங் காலத்தில் வருடத் தூணுக்குத்தான் முதலிடம். சாங் காலத்திலிருந்து, சூ ட்ஸுபிங் பெயரால் வழங்கும் மரபில், நாள் தூணே ஆளைக் குறிப்பது என்று ஆயிற்று. அந்தத் தூணின் மேல் எழுத்து நீங்கள், கீழ் எழுத்து உங்கள் வாழ்க்கைத் துணையின் இடம். வருடத் தூண் முன்னோர்களையும் குடும்பப் பின்னணியையும் காட்டுவது. திருமணத்துக்கு வருட விலங்கை மட்டும் பார்ப்பது, அந்த முறையின்படியே, தாத்தாவின் ஜாதகத்தை வைத்துப் பேத்திக்கு மாப்பிள்ளை பார்ப்பதற்குச் சமம்.

உங்களுக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 1990 ஜனவரி 31: வருடம் மண் பாம்பு, மாதம் நெருப்பு எருது, நாள் நெருப்புக் குரங்கு. (இரவு 11 மணிக்கு மேல் பிறந்திருந்தால் சிலர் அடுத்த நாளாக எடுப்பார்கள், அப்போது சேவல் ஆகிவிடும். உங்கள் நேரத்தை அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.) நீங்கள் நெருப்பு என்பது இங்கும் மாறவில்லை, குதிரைக்குச் சொன்ன குணங்கள் பொருந்துவதாகத் தோன்றினால் அவர்கள் இதைத்தான் காரணமாகக் காட்டுவார்கள். ஆனால் துணையின் இடத்தில் இருப்பது குரங்கு. குரங்கின் கூட்டணி யார் தெரியுமா? எலியும் டிராகனும். பாட்டி எந்த எலியைப் பார்த்துப் பயப்படுகிறாரோ, அதே எலி உங்கள் துணை இடத்துக்கு நண்பன். பகலில் சரியாக 11-க்கும் 1-க்கும் இடையில் பிறந்திருந்தால் மட்டும் நேரத் தூணில் குதிரை வந்து உட்காரும், அப்போது பழைய மோதல் கொஞ்சம் எட்டிப்பார்க்கும். அவருடைய நாளும் நேரமும் தெரியாமல் முழுப் பொருத்தம் சொல்ல முடியாது, 1984 அக்டோபர் என்பது மட்டும் போதாது.

பாட்டியிடம் "இதெல்லாம் மூடநம்பிக்கை" என்று தொடங்காதீர்கள். முன்பே சொன்னேனே, மரியாதைதான் இங்கே விஷயம். இரண்டு பேரின் பிறந்த நேரத்தையும் எழுதிக் கொடுத்து, அவர் நம்பும் ஜோதிடரிடமே பாட்ஸி பார்க்கச் சொல்லுங்கள். மோதலைத் தணிக்க அவர்களிடமே விதிகள் இருக்கின்றன. மோதும் இரண்டு பேரில் ஒருவர் தன் ஜோடியோடு சேர்ந்துவிட்டால், சேர்க்கையின் ஆசையில் மோதலை மறந்துவிடுவார் என்பது ஒரு விதி. எலிக்கு ஜோடி எருது, உங்கள் மாதத் தூணில் எருது இருக்கிறது. நீருக்கும் நெருப்புக்கும் நடுவில் மரம் இருந்தால் நீர் மரத்தை வளர்க்கும், மரம் நெருப்பை வளர்க்கும், சண்டை போக்குவரத்தாகிவிடும் என்பது இன்னொன்று. அதனால் அவருடைய ஜாதகத்தில் புலியோ முயலோ இருந்தால் ஜோதிடர் முதலில் அதைத்தான் சுட்டிக்காட்டுவார்.

தேதி வைக்கும்போது இன்னொரு தொல்லை வரும், முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். 2026 குதிரை வருடம் என்பதால் குதிரைக்கு அது சொந்த வருடம், எலிக்கு மோதும் வருடம். தாய் சுய் என்ற ஆண்டுத் தெய்வத்தை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பகைத்துக்கொள்கிறீர்கள் என்பார்கள். கோயிலில் அர்ச்சனை மாதிரி ஒன்று செய்து பெயர் பதிந்துவிட்டு, சிவப்பு அணிந்துகொண்டு போகச் சொல்வார்கள். அதைச் செய்வதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. 2027-க்குத் தள்ளலாம் என்று பார்த்தால் அந்த ஆடு வருடம் பிப்ரவரி 6-இல் தொடங்கி 2028 ஜனவரி 25-இல் முடிகிறது, நடுவில் லீ சுன் நாளே இல்லை. வசந்தம் இல்லாத வருடத்தை விதவை வருடம் என்று சொல்லி அதில் கல்யாணம் வைக்கத் தயங்குவார்கள், போதாததற்கு ஆடு எலிக்கும் ஆகாது. 2028 குரங்கு வருடத்தில் லீ சுன் இரண்டு முறை வருகிறது, இரட்டை வசந்தம், எலிக்கு நட்பு வருடமும் கூட. அதுவரை காத்திருக்க விருப்பம் இல்லையென்றால் சீனர்களிடமே ஒரு பழமொழி இருக்கிறது: வீட்டில் ஒரு மங்கல காரியம் நடந்தால் மூன்று கேடுகளைத் தடுத்துவிடும். தாய் சுய் தொந்தரவுள்ள வருடத்தில் கல்யாணம் செய்துகொள்ளும் சீன ஜோடிகள் இதைச் சொல்லித்தான் வீட்டைச் சம்மதிக்க வைக்கிறார்கள். நீங்கள் சொன்னால் எடுபடாது, உங்கள் நண்பரை விட்டு அவருடைய பாட்டியிடம் சொல்லச் சொல்லுங்கள்.